கொல்லைக் கோழியும் கோழிச் சீக்கும்

(தோட்ட மண்டபமொன்றில் தொழிலாளர் குடும்பங்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



பாலை நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பிக் குளித்து, சற்றுத் தலை சாய்க்க வேண்டிய நேரத்தில் இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே முகவுரையை நீட்டாமல் விஷயத்திற்கு வருகிறேன்.

சென்ற முறை டிங்கிக் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதற்காக இங்கு வந்திருந்தேன். பேசி முடித்து, "ஏதேனும் கேள்வி உண்டா?" என்று கேட்டபோது, கொசுவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்த ஓர் அம்மையார் எழுந்து, "மனுசனுக்கு வர்ற காய்ச்சலுக்கு இவ்வளவு சொல்றீங்களே ஐயா, எங்க கோழிக்கு வர்ற சீக்குக்கு யாரு வந்து சொல்லுவா?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்தபின் அவர் தம் வீட்டுக் கொல்லைக்கு என்னை அழைத்துச் சென்றார். பழைய பலகையும் கம்பி வலையும் கொண்டு நேர்த்தியாகக் கட்டப்பட்ட கூண்டு. உள்ளே ஒரு கோழியும் இல்லை. ஆறே நாட்களில் 14 கோழிகள் மாண்டுவிட்டன என்றார். முட்டை விற்ற காசில்தான் தம் பேத்தியின் பள்ளி வேன் கட்டணத்தைக் கட்டிவந்தார். அம்மாதம் கட்டணம் கட்ட வழியின்றிக் கிராணியிடம் முன்பணம் கேட்க நேர்ந்ததைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உழைத்து உண்டு பழகியவர்களுக்குக் கடன் கேட்பது எத்துணைக் கூச்சம் தரும் செயல் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

அவருடைய கேள்விக்கு விடை சொல்லவே இன்று வந்திருக்கிறேன். நான் மிருக வைத்தியன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சில ஆண்டுகள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிப் பின்னர் இத்துறைக்கு வந்தவன். கால்நடை இலாகாவினரிடம் கேட்டறிந்தவற்றையும், கோழி வளர்த்த வீட்டிலே பிறந்து வளர்ந்தமையால் நானே அறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், அந்த அம்மையாரின் கோழிகள் எவ்வாறு மாண்டன என்பதைப் பார்ப்போம். நானும் இத்தோட்டத்துப் பெரியவர் ஒருவரும் வீடு வீடாகச் சென்று விசாரித்தோம். கோயில் நேர்த்திக்கடனுக்காக ஒரு குடும்பத்தார் லாரியில் வந்த வியாபாரியிடம் ஒரு சேவலை வாங்கி, மூன்று நாட்கள் கொல்லையில் கட்டி வைத்திருந்தனர். வாங்கும்போது சேவல் நன்றாகத்தான் இருந்தது; இரண்டாம் நாள் தீனி தின்னவில்லை. அதை எப்படியோ படையலுக்கு அறுத்துவிட்டார்கள். அதே வாரத்தில் அவ்வீட்டுக் கோழிகள் தூங்கி விழத் தொடங்கின. "இருப்பவையாவது வீணாகாமல் போகட்டும்" என்று, நடமாடிக்கொண்டிருந்த நான்கைந்து கோழிகளைப் பாதி விலைக்கு மேல் லயத்தில் விற்றார்கள். வாங்கியவர்களில் ஒருவர் இரண்டு கோழிகளைப் பக்கத்துத் தோட்டத்திலிருக்கும் சம்பந்தி வீட்டிற்கு அனுப்பிவைத்தார். மூன்று வாரத்தில் இரண்டு தோட்டங்களிலும் சேவல் கூவும் ஓசை நின்றுபோயிற்று.

இதைச் சொல்வது எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அன்று. என் தாயாரும் இதையேதான் செய்தார். நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கோழிகளுக்குச் சீக்கு வந்தது. தலை தொங்கிய கோழிகளை அவசர அவசரமாக அறுத்துக் குழம்பு வைத்தார். இறகையும் குடலையும் லயத்துக் கால்வாயில் கொட்டினார். எங்களுக்கு அவ்வாரம் முழுவதும் கோழிக் குழம்பு. பிள்ளைகளாகிய நாங்கள் மகிழ்ந்தோம். கால்வாயின் கீழ்ப்புறத்தில் இருந்த ஏழு வீட்டாரும் அம்மாதத்தில் தங்கள் கோழிகளை இழந்தனர். அதற்கும் எங்கள் வீட்டுக் கால்வாய்க்கும் தொடர்பு இருந்திருக்கலாம் என்ற எண்ணம், வளர்ந்து வேலைக்கு வந்தபின்தான் எனக்குத் தோன்றியது.

லயங்களைக் காலி செய்யும் இந்நோய் பெரும்பாலும் நியூகாசல் நோய் என்பதாகும். இங்கிலாந்து நாட்டிலுள்ள நியூகாசல் நகருக்கருகில் 1926ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டதால் அப்பெயர் ஏற்பட்டது. அதே ஆண்டில் ஜாவாத் தீவிலும் அது காணப்பட்டது. மலாய்க்காரர்கள் இதனைச் 'சம்பார்' என்பார்கள். தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். நமக்கு அது வெறும் 'சீக்கு'.

இதன் அறிகுறிகளை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கும், தீனி எடுக்காது, வாயைப் பிளந்து மூச்சுவிடும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், காலும் இறக்கையும் செயலற்றுப் போகும். சில கோழிகள் இவற்றில் எதுவுமே காட்டாமல் இரவில் ஏறிய கிளையிலிருந்து காலையில் விழுந்து கிடக்கும். தடுப்பு மருந்து பெறாத கோழிகளிடையே கடுமையான கிருமி புகுந்துவிட்டால் பத்துக்கு ஒன்று தப்புவதும் அரிது.

இங்கே நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிருமி உடலில் புகுந்த அன்றே கோழி நோயுறுவதில்லை. பெரும்பாலும் ஐந்தாறு நாட்கள் செல்லும். சில வேளைகளில் இரண்டே நாளில் தெரியும், சில வேளைகளில் 15 நாட்கள்கூட ஆகும். ஆதலின், சந்தையில் துள்ளித் திரியும் சேவலுக்குள்ளும் சீக்கு ஒளிந்திருக்கக்கூடும். "பார்த்துத்தான் வாங்கினேன்" என்று நாம் சொல்வது உண்மைதான். ஆனால் கண்ணால் பார்த்து அறியக்கூடிய காரியம் அன்று இது. புதிதாக வாங்கும் கோழி எதுவாயினும் இரண்டு வாரம் தனிக் கூண்டில், மற்றக் கோழிகளுக்கு எட்டாத தூரத்தில் வைத்திருத்தல் வேண்டும். அதற்குத் தீனியும் தண்ணீரும் கடைசியாக வைத்துவிட்டு, கையையும் காலையும் கழுவிக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் முந்திய வாரங்களில்தான் தோட்டத்திற்குத் தோட்டம் கோழிகள் மிகுதியாகக் கைமாறுகின்றன. அக்காலத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை.

"வந்த சீக்கை மாற்ற மருந்து இல்லையா?" என்பது எல்லாத் தோட்டங்களிலும் நான் கேட்கும் கேள்வி. இல்லை. இது நச்சுயிரியால் வரும் நோய். சின்ன வெங்காயமும் மிளகும் மஞ்சளும் அரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. மண்ணெண்ணெய் புகட்டுபவர்களும் உண்டு. வெங்காயத்தால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. மண்ணெண்ணெய் புகட்டுவது சாகும் உயிரை மேலும் வதைப்பதாகும். அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கடைகளில் விற்கும் மஞ்சள் நிறப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்ததும் இரண்டு கோழிகள் பிழைத்தன என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த இரண்டும் தம் உடல் வலிமையால் பிழைத்தவை. அந்தப் பொடி வேறு வகைக் கிருமிகளுக்கானது. இந்த நச்சுயிரியை அது தொடாது.

ஆனால் வருமுன் காக்க மருந்து உண்டு. கண்ணில் ஒரு சொட்டு விடும் மருந்துதான்; ஊசிகூடத் தேவையில்லை. பெரும் கோழிப் பண்ணைகளில் கொடுக்கப்படும் மருந்தும் இவ்வகையைச் சேர்ந்ததே. அப்படியிருக்க, பண்ணைக் கோழி பிழைக்கிறது, லயத்துக் கோழி சாகிறது, காரணம் என்ன? நம் மக்கள் அறியாதவர்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது உடன்பாடன்று. காரணம் மருந்துக் குப்பியில் இருக்கிறது.

அக்குப்பி சுண்டுவிரல் அளவினது. உள்ளே உலர்ந்த நிலையில் உள்ள மருந்து குறைந்தது நூறு கோழிகளுக்கு, பெரும்பாலும் அதற்கும் மேற்பட்ட கோழிகளுக்குப் போதுமானது. ஒரு முறை நீர் கலந்து கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்திற்குள் பயன்படுத்தியாக வேண்டும். மீதியை நாளைக்கு என்று வைக்க முடியாது. கரைக்கும் வரையிலும் அதைக் குளிர்ச்சியாக வைத்திருத்தல் வேண்டும். வெயில் பட்டால் வீண். குளோரின் கலந்த குழாய் நீரில் கரைத்தாலும் வீண். இனி எண்ணிப் பாருங்கள். வீட்டிற்கு ஆறு கோழி, எட்டுக் கோழி வைத்திருக்கும் ஒரு குடும்பம், நூறு கோழிக்கான மருந்தை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து, ஆறு சொட்டு விட்டபின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். யார் செய்வார்கள்? நானாயிருந்தாலும் செய்ய மாட்டேன்.

இந்த இடர்ப்பாட்டை உணர்ந்து அதற்கு வழி தேடியவர்கள் நம் நாட்டவரும் ஆவர் என்பதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், கோழிகளுக்குத் தீங்கு செய்யாத ஒரு நியூகாசல் கிருமி வகை 1960களில் கண்டறியப்பட்டது. அதற்கு 'வி-4' என்று பெயர். 1980களில் செர்டாங்கில், அப்போது மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் எனவும் 1997ஆம் ஆண்டு முதல் புத்ரா பல்கலைக்கழகம் எனவும் வழங்கும் கல்விக்கூடத்தின் அறிஞர்கள், ஆஸ்திரேலிய அறிஞர்களோடு சேர்ந்து, அக்கிருமியிலிருந்து வெப்பம் தாங்கும் வகையைத் தெரிந்தெடுத்துத் தடுப்பு மருந்தாக்கினர். பிடிபடாமல் ஓடும் கம்பத்துக் கோழிகளுக்காக அதனைத் தீவனத்தின்மீது பூசிக் கொடுத்தும் சோதித்துப் பார்த்தனர். வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்து என்னும் கருத்து பின்னர் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் சிற்றூர்களுக்கும் பரவியது. ஆயினும் ஒவ்வொரு கோழியையும் பிடித்துக் கண்ணில் சொட்டு விடுவதே அதிக உறுதியான பாதுகாப்பைத் தரும் என்பது அனுபவத்தில் கண்டது. தீவனத்தில் கலந்தால் வலுத்த கோழி நிறையத் தின்னும், எளிய கோழிக்கு ஒன்றும் கிடைக்காது. விருந்து வீட்டில் நடப்பதுதான் அங்கும் நடக்கும்.

எனவே, ஒரு வீட்டால் ஆகாதது ஒரு லயத்தால் ஆகும். இருபது வீட்டுக் கோழிகளும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே குப்பியில் மருந்து பெற்றுவிட்டால் செலவு வீட்டிற்குச் சில காசுகளாகிவிடும். அதைவிடப் பெரிய நன்மை மற்றொன்று. ஓரிரு வீடுகளில் மட்டும் மருந்து போட்டால், போடாத வீடுகளில் சீக்கு நுழைந்து சுற்றிக்கொண்டே இருக்கும். அங்குப் பொரிக்கும் புதுக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதற்கு இரையாகும். எல்லா வீடுகளிலும் போட்டால் அதற்கு நிற்க இடம் இல்லை.

இதற்கு முன் இரு தோட்டங்களில் இவ்வாறு செய்து பார்த்தோம். ஒரு தோட்டத்தில் நன்றாக நடந்தது. மற்றத் தோட்டத்தில், இரு குடும்பங்களிடையே இருந்த பழைய மனத்தாங்கலால் பாதி லயம் வரவில்லை. அவ்வாண்டு இறுதியில் அங்கே மீண்டும் சீக்கு வந்தது. மருந்து பெற்ற கோழிகள் பெரும்பாலும் தப்பின. அவ்வீடுகளின் இளங்குஞ்சுகள் தப்பவில்லை.

மருந்தைப் பற்றி நீங்கள் கொண்டுள்ள அச்சங்கள் சிலவற்றிற்கும் விடை கூற வேண்டும். சொட்டு விட்ட கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்கிறார்கள். பிடித்துத் துரத்தி அலைக்கழித்ததால் சில நாட்கள் முட்டை குறையலாம், பின்னர் சரியாகிவிடும். ஓரிரு கோழிகள் தும்மும், கண் சற்றுக் கலங்கும். அதுவும் தானே நீங்கும். அம்முட்டைகளைத் தாராளமாக உண்ணலாம், அடைக்கும் வைக்கலாம். ஆனால் மருந்து கையில் பட்டுக் கண்ணைக் கசக்கினால் நமக்கும் கண் சிவக்கும். கையைச் சோப்பிட்டுக் கழுவிவிடுங்கள். ஏற்கெனவே நோயுற்ற கோழிக்கு இம்மருந்து பயன்படாது. போட்ட மறுநாளே பாதுகாப்பும் வந்துவிடாது. இரண்டு வாரமேனும் ஆகும். தீபாவளிக்கு முந்திய வாரம் ஓடிவந்து மருந்து கேட்பதில் பொருளில்லை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்பதும் தவறு. குஞ்சுகளுக்குச் சிறு வயதிலேயே ஒருமுறையும், மூன்று நான்கு வாரம் கழித்து மறுமுறையும், அதன்பின் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை எல்லாக் கோழிகளுக்கும் விடுவது நல்லது. எந்த மருந்து, எந்த வயது என்பதைக் கால்நடை இலாகாவினர் சொல்லும் அட்டவணைப்படியே செய்யுங்கள்.

அடுத்து, பறவைக் காய்ச்சல். இதைப் பற்றிய அச்சம் தேவைக்கு மேலும் இருக்கிறது, சில இடங்களில் தேவைக்குக் குறைவாகவும் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிளந்தானில் இந்நோய் நம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டில் சிலாங்கூர், பேராக், பினாங்கு மாநிலங்களிலும், 2007ஆம் ஆண்டில் சுங்கை பூலோவுக்கு அருகிலுள்ள பாயா ஜாராஸ் பகுதியிலும், 2017ஆம் ஆண்டில் மீண்டும் கிளந்தானிலும் தோன்றியது. ஒவ்வொரு முறையும் அவ்வட்டாரத்துக் கோழிகள் அழிக்கப்பட்டு நோய் கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. அண்டை நாடுகளில் நோயுற்ற கோழிகளைக் கையாண்ட மனிதர்கள் சிலர் இறந்திருக்கிறார்கள்.

வெளித் தோற்றத்தை மட்டும் கொண்டு இது சாதாரணச் சீக்கா, பறவைக் காய்ச்சலா என்று பிரித்தறிய எவராலும் இயலாது. ஈப்போவிலுள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைச் சாலை போன்ற இடத்தில்தான் அது முடிவாகும். இதனால்தான், சீக்குக் கோழியை அறுத்து உண்ணலாமா என்று கேட்பவர்களுக்கு "வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். "நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடுமே" என்பீர்கள். குழம்பில் செத்துவிடும். ஆனால் அறுக்கும்போது, இறகு பிடுங்கும்போது, குடலை எடுக்கும்போது அது உங்கள் கையிலும் மூக்கிலும் உங்கள் குழந்தை விளையாடும் தரையிலும் அல்லவா இருக்கிறது!

கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகத் தொடங்கினால் நிர்வாகத்திடமும் கால்நடை இலாகாவிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டாம். விற்க வேண்டாம், உறவினருக்குக் கொடுக்கவும் வேண்டாம். செத்த கோழியை ஆற்றிலோ கால்வாயிலோ கித்தாக் காட்டிலோ எறியாமல், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளுங்கள். கூண்டைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, ஒரு மாதமேனும் காலியாக விட்டுவைத்த பிறகே புதுக் கோழி வாங்க வேண்டும்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு போலத் தோன்றும் கோழி அம்மையைக் கண்டு, வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றிவிடுமோ என்று அஞ்சிக் கோழிகளை விரட்டிவிட்டவர்கள் உண்டு. அந்த அச்சம் வேண்டாம். கோழிக்கு வருவது வேறு, குழந்தைக்கு வருவது வேறு, ஒன்று மற்றொன்றாகாது. வேப்பிலையும் மஞ்சளும் பூசுவதைத் தடுக்க மாட்டேன். புண்ணில் ஈ மொய்க்காமல் இருக்கும். கொசுக்கடியால் பரவும் நோய் அது. ஆகவே சென்ற முறை நீங்கள் கேள்வி கேட்க மறந்த அந்தக் கொசுப் பேச்சு கோழிக்கும் பொருந்தும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தால், தரை ஈரமாயிருக்கிறது என்று பொருள். இதற்கு மட்டும் மருந்து உண்டு, தாமதியாமல் கேட்டு வாங்குங்கள். தரையில் மரத்தூளோ உமியோ பரப்பிக் காய்ந்திருக்கச் செய்யுங்கள்.

அடை வைப்பதைப் பற்றிப் பெண்கள் பலர் கேட்டிருந்தார்கள். இது எனக்குப் பிடித்த பாடம். பள்ளியில் பணியாற்றிய நாளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொருள் வைக்கும் இருட்டறைக்குள் அழைத்துப்போய், ஏழு நாள் அடைகாத்த முட்டையை டார்ச் விளக்கின்மேல் வைத்துக் காட்டுவேன். உள்ளே சிலந்தி கால் விரித்ததுபோல் செந்நரம்புகள் ஓடும்; நடுவிலே ஒரு புள்ளி துடிக்கும். அந்த அறையில் முப்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றதை நான் வேறு எந்தப் பாடத்திலும் கண்டதில்லை. நரம்பு தெரியாமல் தெளிவாயிருக்கும் முட்டை பொரியாது. அதை எடுத்துவிட்டால் மற்ற முட்டைகளுக்குச் சூடு நன்றாகக் கிடைக்கும்.

இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று அடைக்கூடையில் ஆணியும் கரித்துண்டும் போடுகிறார்கள். என் பாட்டியும் போட்டார். கூடையில் அவற்றைக் கண்டால் நானும் எடுத்தெறிய மாட்டேன். ஆனால் முட்டை கூழாவதற்கு இடி காரணமன்று. பல நாட்கள் வெப்பத்தில் கிடந்த முட்டையை வைத்திருப்பார்கள். அல்லது மழைச்சாரலில் கூடை நனைந்திருக்கும். அல்லது பேன் கடி பொறுக்காமல் கோழி அடிக்கடி எழுந்து போயிருக்கும். ஒரு வாரத்திற்கு மேற்படாத, வெடிப்பில்லாத முட்டைகளாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு வையுங்கள். 21ஆம் நாள் குஞ்சு வெளிவரும். முட்டையிடச் சேவல் தேவையில்லை. பொரிக்கத்தான் சேவல் தேவை.

முட்டை வேண்டும், அடை வேண்டாம் என்றால் அடைக்கோழியைத் தண்ணீரில் அமுக்காதீர்கள். அடியில் காற்றுப் புகும் கம்பிக் கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாட்கள் விட்டால் அடை தெளிந்துவிடும்.

தீனிச் செலவைப் பற்றியும் ஒரு சொல். தவிடு, நொய், தேங்காய்ப் பிண்ணாக்கு, சமையற்கட்டு மிச்சம், புல்வெளியில் மேய்ச்சல், கறையான் புற்று, இவையே கம்பத்துக் கோழிக்குப் பெரும்பாலும் போதும். குஞ்சுகளுக்கு மட்டும் முதல் மாதம் கடைத் தீவனம் கொடுங்கள். பழைய சோற்றில் பூஞ்சை பிடித்திருந்தால் கோழிக்கும் ஆகாது.

ஆனால் தோட்டத்திலே கோழி வளர்ப்பவர்களுக்குப் பட்டணத்தாருக்கு இல்லாத ஆபத்துகள் உண்டு. பாலை உறைய வைக்கும் அமிலம் வந்த டப்பாவை இரண்டாக வெட்டி, கோழிக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருப்பதை நான் பல கொல்லைகளில் பார்த்திருக்கிறேன். களைக்கொல்லி வந்த டப்பாவையும் பார்த்திருக்கிறேன். எத்தனை முறை கழுவினாலும் அவை வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையோ மண்சட்டியோ போதாதா? மருந்து அடித்த நிரையில் அன்றைக்குக் கோழியை மேயவிடாதீர்கள். எந்த நிரையில், என்றைக்கு மருந்தடிப்பு என்பதை முந்திய நாளே மண்டோரிடம் கேட்டறிந்து கொள்ளலாம். எலிப் பாஷாணம் வைக்கும்போதும் அப்படியே. பாஷாணம் தின்ற எலியைக் கோழி கொத்துவதை நான் கண்டிருக்கிறேன்.

இரவில் மூசாங்கும் மலைப்பாம்பும், பகலில் உடும்பும் வரும். கூண்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்திக் கட்டி, ஓட்டையில்லாத கம்பி வலை அடித்து, பொழுது சாயும்முன் அடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. வீட்டுச் சுவரையொட்டியும், கிணறு அல்லது தண்ணீர்க் குழாயை அடுத்தும் கூண்டு கட்டாதீர்கள். எச்சத்தை வாரத்திற்கு இருமுறை வாரிக் குழியிலிட்டால் கத்தரிக்கும் வெண்டைக்கும் நல்ல எரு. அண்டை வீட்டுக்காரர் கீரைப்பாத்தியில் உங்கள் கோழி புகுந்து கிளறினால், கோழியின்மேல் குற்றமில்லை, உங்கள்மேல்தான். லயத்தில் நடக்கும் சண்டைகளில் எத்தனை கோழியில் தொடங்கின என்பதை இங்கிருக்கும் பெரியவர்கள் அறிவார்கள். அதனால்தான் முன்னர்ச் சொன்ன தோட்டத்தில் பாதி லயம் வராமற் போனதும்.

இனி, நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். கால்நடை இலாகாவினருடன் பேசி, நிர்வாகத்தின் இசைவும் பெற்றுவிட்டோம். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, இம்மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் மருந்து போடப்படும். அன்று பெரட்டு இல்லாத நாள் என்பதைக் கிராணியிடம் உறுதி செய்துகொண்டேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். கரைத்த மருந்து நமக்காகக் காத்திராது. ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் வீடு வீடாகச் சென்று, பெரியவை எத்தனை, குஞ்சுகள் எத்தனை என்று எழுதி வரும் புதன்கிழமைக்குள் தருவாராக. அந்தக் கணக்கைக் கொண்டுதான் எத்தனை குப்பி என்று முடிவு செய்வோம். கணக்கைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். இதில் வரியும் இல்லை, அபராதமும் இல்லை. வரியா என்று ஒருவர் முன்பே கேட்டுவிட்டார்.

கோழிகளைக் கூடையிலோ காற்றுப் புகும் பெட்டியிலோ வீட்டு வாரியாகக் கொண்டுவாருங்கள். காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிவர வேண்டாம். ஒரு வீட்டுக் கோழியை மற்றொரு வீட்டுக் கூடையில் போடாதீர்கள். தூங்கி விழும் கோழி இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, வந்து சொல்லுங்கள். இலாகாவினர் அங்கு வந்து பார்ப்பார்கள். மேல் லயமும் கீழ் லயமும் வேறு வேறு வரிசையில் நிற்கும். சென்ற முறை எழுந்து கேட்ட அம்மையார்க்கு இப்போது அவர் மகள் கொடுத்த இரண்டு பெட்டைக் கோழிகள் இருக்கின்றன. வரிசையில் அவர் கூடை முதலில் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்னொன்று. அடைத்திருக்கும் கோழியைத்தான் பிடிக்க முடியும். காலையில் கூண்டைத் திறந்துவிடுவது பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளின் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்க வேண்டாம் என்று சனிக்கிழமை இரவே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.